சபைக்குள் ஒருவருக்கொருவர்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

வீட்டு ஜெபக்கூட்டம், துக்க வீடு, கைமாற்று, அசனம் (சபையார் கூடி உண்ணும் விருந்து) ஆகியவை பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே பொருளில் பலர் எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

எங்கள் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம் 14 குடும்பங்களோடு தொடங்கியது. இப்போது 4 குடும்பம்தான் வருகிறது. வராதவர்களுக்கு விசுவாசம் தணிந்துவிட்டது என்கிறார் கூட்டத்தை நடத்துகிறவர். அப்படித்தானா?
*வாசகி, பாளையங்கோட்டை*

விசுவாசத்தை அளப்பதற்கு முன்னால் கடிகாரத்தையும் அடுக்களையையும் பாருங்கள் அம்மா. வீட்டுக் கூட்டங்கள் படுத்துப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாலும்தான்.

ஏழரைக்கு என்று அறிவித்துவிட்டு, எல்லாரும் வரட்டும் என்று எட்டேகாலுக்குத் தொடங்கி, பத்து மணிக்கு முடிக்கிறார்கள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்கு டிபன் கட்ட வேண்டிய பெண்கள் இரண்டு மாதம் பொறுப்பார்கள், மூன்றாவது மாதம் நின்றுவிடுவார்கள். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் போதும். பாட்டு இரண்டு, 10 நிமிடம். வேதபகுதி வாசித்து விளக்க 15 நிமிடம். ஒவ்வொருவரும் தங்கள் காரியத்தைச் சொல்ல 20 நிமிடம். ஜெபத்துக்கு 15 நிமிடம். இரண்டு பேரே வந்திருந்தாலும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். தாமதமாக வருகிறவருக்காகக் காத்திருந்தால் நேரத்துக்கு வந்தவருக்குத்தான் தண்டனை; அடுத்த தடவை அவரும் தாமதமாக வருவார்.

அடுத்தது சாப்பாடு. முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும் இருக்கும். இரண்டாவது வீட்டில் வடை, மூன்றாவது வீட்டில் கேசரி, ஐந்தாவது வீட்டில் பரோட்டா சால்னா. ஆறாவது வீட்டுக்காரர் மாதக் கடைசியில் தன் முறை வருவதைப் பார்த்து “அன்னைக்கு ஊருக்குப் போறோம்” என்பார். அதன்பிறகு மற்ற வீடுகளுக்கு வரவும் கூசுவார். டீ, ஒரு பலகாரம், அதற்கு மேல் கிடையாது என்று எல்லாரும் கூடி முடிவு செய்யுங்கள். இந்த முடிவை வசதியுள்ள வீடு முதலில் கடைப்பிடித்தால்தான் மற்றவர்களுக்கு மூச்சு வரும்.

ஒற்றை அறை வீட்டுக்காரர்களை மறந்துவிடாதீர்கள். பத்துக்குப் பத்து அறையில் பாய் விரித்தால் எட்டுப் பேர் நெருக்கி உட்காரலாம், அதற்கு மேல் முடியாது. அவர்கள் தங்கள் முறைக்கு மொட்டைமாடியையோ கோயில் வளாகத்தையோ வைத்துக்கொள்ளட்டும். முறைப் பட்டியலில் ‘வீடு’ என்ற ஒரே கட்டம் இருந்தால் வீடு தர முடியாதவர் விடுபட்டுப்போவார். பாட்டு தொடங்குவது, வேதபகுதி வாசிப்பது, வர முடியாத முதியவரைக் கைபிடித்து அழைத்து வருவது என்று வீட்டோடு சேர்த்து நான்கு கட்டம் போட்டால் எல்லார் பெயரும் அதில் ஏறும்.

பெரியவர்கள் மட்டும் 12 பேரைத் தாண்டினால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது. அதற்கு மேல் போனால் வாய் திறக்காமலே வீடு திரும்புகிறவர்கள் பெருகுவார்கள். வாரந்தோறும் கூடித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. மாதத்தில் இரண்டாம், நான்காம் ஞாயிறு மாலை என்று நிலையாக வைத்தால் ஷிப்டு வேலைக்காரர்கள் முன்கூட்டியே மாற்றிக்கொள்வார்கள். மைக் செட்டு வேண்டவே வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பரீட்சை உண்டு.

நின்றுபோன பத்துக் குடும்பங்களையும் போய்ப் பாருங்கள். “ஏன் வரலை?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எந்தக் கிழமை தோது?” என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருடைய காரணம் தானாக வெளியே வரும்.

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு மூத்தவர் 40 நிமிடம் பேசுகிறார். மரியாதைக்காக யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என்ன செய்யலாம்?
*வாசகர், மதுரை*

அவரிடம் பேசி மாற்றுவது கஷ்டம். முறையை மாற்றுவது எளிது. கத்தோலிக்கச் சபையின் அன்பியங்களில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களில்) ‘ஏழு படி’ என்று நற்செய்திப் பகிர்வு முறை ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் லும்கோ மறைப்பணி நிலையத்தில் உருவானது. மற்றச் சபையாரும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒருவர் ஆண்டவரை அழைத்து ஜெபிக்கிறார். பிறகு வேதபகுதியை வாசிக்கிறார்கள். மூன்றாவது படியில் ஒவ்வொருவரும் தன்னைத் தொட்ட ஒரு சொல்லையோ சிறு வாக்கியத்தையோ மட்டும் உரக்கச் சொல்கிறார், விளக்கம் சொல்வதில்லை. நான்காவது படி மௌனம், இரண்டு மூன்று நிமிடம். அதன்பிறகே பகிர்வு: ‘எனக்கு இது என்ன சொல்கிறது’ என்று மட்டும். ஆறாவதாக, இந்த மாதம் நாம் சேர்ந்து செய்யப்போகும் வேலை எது, யார் செய்வது, எப்போது என்று தீர்மானிக்கிறார்கள். ஏழாவதாக அவரவர் வாயில் வந்தபடி ஜெபம்.

மூன்றாவது படிதான் உங்களுக்கு மருந்து. பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட அதில் ஒரு சொல் சொல்லிவிடுவார். ஒரு தடவை தன் குரல் அந்த அறையில் கேட்டுவிட்டால் அடுத்த தடவை அவருக்குப் பயம் இருக்காது. பகிர்வில் ‘நீங்கள்’, ‘சபையார்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் பிரசங்கமாகிவிடும். ‘நான்’ என்றே தொடங்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். ஆறாவது படியைத்தான் எல்லா இடத்திலும் விட்டுவிடுகிறார்கள். நேரமாகிவிட்டது என்று அதைத் தாண்டினால் கூட்டம் வெறும் கூட்டமாகவே கலையும்.

அந்த மூத்தவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். மாதம் ஒரு தடவை 15 நிமிட வேத விளக்கம் அவர் பொறுப்பு என்று அறிவித்தால் அவருக்கும் கௌரவம், உங்களுக்கும் நிம்மதி.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் என் மகளின் குடும்பப் பிரச்சினை வாட்ஸ்அப் குழு முழுக்கப் போய்விட்டது. நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன்.
*வாசகி, நாகர்கோவில்*

புறணி பேசுவதில் பக்தியான வகை ஒன்று உண்டு, “ஜெபிச்சுக்கிடுங்க” என்று முடியும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

குழுவுக்கு மூன்று கட்டுப்பாடு போதும். சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் பெயரோ, பெயரை ஊகிக்க வைக்கும் அடையாளமோ போடக்கூடாது. வயிற்றுவலி ஆபரேஷன், பரீட்சை, பயணம் ஆகியவை குழுவில் வரலாம். கணவன்–மனைவி பிரச்சினை, கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்கள், கடன், மனநோய் ஆகியவை நேரில், இரண்டு பேருக்குள் நிற்க வேண்டும். குழுவில் வந்த எதையும் வேறு குழுவுக்கு அனுப்பக்கூடாது. ஜெபிக்க விவரம் தேவையில்லை. ‘ஒரு குடும்பத்துக்காக’ என்றாலே ஆண்டவருக்குத் தெரியும். விவரம் கேட்கிறவருக்கு வேறு எதற்கோ தேவைப்படுகிறது.

ஆனால் ஒன்றில் இரகசியம் காக்கக் கூடாது. குழந்தையிடம் யாராவது தவறாக நடந்ததாகத் தெரிந்தால் அது ஜெபக்குறிப்பும் அல்ல, குடும்ப மானமும் அல்ல. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெரிந்தவர் காவல்துறையிடம் தகவல் தர வேண்டும் என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சபை ஊழியராக இருந்தாலும் அப்படியே. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு 181. “பொறுத்துப்போம்மா, ஜெபம் பண்ணுவோம்” என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புவது அவரை மறுபடியும் அடிக்கு அனுப்புவதுதான்.

துக்க வீட்டில் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. எதைச் சொன்னாலும் பொருந்தவில்லை.
*வாசகர், திருச்சி*

பேச வேண்டியதில்லை. வேதத்தில், பிள்ளைகளை இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள். எட்டாவது நாள் விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது.

“தேவசித்தம்”, “நல்ல இடத்துக்குத்தானே போயிருக்கார்”, “உனக்கு இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்கே” ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டும் விசுவாசப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் துக்கப்படுகிறவரே. அவர் சொல்லும்போது ‘ஆமென்’ என்பதுதான் நம் பங்கு. ‘மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன்’ குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல என்று நீதிமொழிகள் 25:20 சொல்கிறது. அடக்கத்துக்கு மறுநாளே உற்சாகப் பாட்டோடு போகும் குழுக்கள் இதை ஒரு தடவை வாசிக்கலாம். போனால் “நான் இருக்கேன்” என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அந்தப் பெயரை யாருமே சொல்லாத வீடு இன்னும் வெறிச்சோடிப் போகும்.

வேலைகள் நிறைய இருக்கின்றன. முதல் நாள் நாற்காலி, தண்ணீர் கேன், கல்லறைக்குச் சொல்லிவிடுவது, வெளியூர்க்காரர்களை ரயிலடியில் அழைப்பது. “எதுனாலும் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். “நாளை காலை இட்லி நாங்கள் கொண்டுவருகிறோம், எத்தனை பேர் இருப்பீர்கள்?” என்று கேளுங்கள். அதே காலை நான்கு வீட்டிலிருந்து இட்லி வந்து குவியாமல் இருக்க, எந்த வேளைக்கு எந்த வீடு என்று ஒருவர் எழுதிவைக்க வேண்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணமும் அலைச்சலும். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள், வீட்டில் இறந்திருந்தால் குடும்பம்தான் தெரிவிக்க வேண்டும். சான்றிதழில் பெயரின் எழுத்து ஆதாரிலும் பாஸ்புக்கிலும் உள்ளதுபோல இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துப் பிழையால் பென்ஷன் மாதக்கணக்கில் நிற்கும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம் போக வேண்டியிருக்கும். சபையில் இந்த வேலை தெரிந்த ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவராவது இருப்பார். அவரைக் கையோடு அனுப்புவது பத்து ஆறுதல் வார்த்தைக்குச் சமம்.

முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். ஆறாவது வாரம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். சபையில் ஒருவர் சிறு நோட்டில் தேதிகளைக் குறித்துவைக்கட்டும்: 40ஆம் நாள், இறந்தவரின் பிறந்தநாள், திருமண நாள், முதல் கிறிஸ்துமஸ், வருஷ நினைவு. அந்த நாட்களில் இரண்டு பேர் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். தனியாக இருக்கும் விதவையின் வீட்டுக்குப் பெண்கள் இருவராகப் போவது வழக்கம். அதை மாற்ற வேண்டாம்.

ஜெபக்குழுவில் ஒருவருக்கு 20,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். இப்போது அவர் கூட்டத்துக்கே வருவதில்லை. பணமும் போச்சு, ஆளும் போச்சு.
*வாசகர், தூத்துக்குடி*

அதனால்தான் குழுவுக்குள் கடன் கூடாது என்கிறோம். கடன் வாங்கினவர் உங்கள் முன்னால் உட்கார்ந்து எப்படி வாய்விட்டு ஜெபிப்பார்? திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய தொகையை மட்டும், கடனாக இல்லாமல் உதவியாகக் கொடுங்கள். அதற்கு மேல் தேவையென்றால் அது சபையின் வேலை. நீங்கள் கொடுத்த பணத்தைப் பொறுத்தவரை, ஒரு தடவை நேரில் போய் “முடிஞ்சப்போ தாங்க, கூட்டத்துக்கு வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் மாதம் 500 என்று பேசி முடியுங்கள். கூட்டத்தில் மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

சபை உதவி நிதி வைக்கிறவர்களுக்குச் சில காரியம். ஆதிச்சபையில் அன்றாட உதவி வழங்குவதில் சில விதவைகள் விட்டுப்போனபோது, அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தின்படி, அதற்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரே ஆள் கையில் விடவில்லை. நீங்களும் மூன்று பேரை வையுங்கள், அதில் ஒருவர் பெண். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து. ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைக்கு உச்சவரம்பு. கூடுமானவரை கட்டணத்தை ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கோ நேராகக் கட்டுங்கள். கணக்கை மாதந்தோறும் வாசிக்கும்போது தொகையை மட்டும் வாசியுங்கள், பெயரை அல்ல. கொடுக்கும்போது போட்டோ எடுப்பதை இன்றோடு நிறுத்தலாம். பெரிய ஆபரேஷன் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நிதியைத் தொடாமலே வேலை முடியலாம்.

பணமில்லாத சபைக்குப் பிடியரிசி இருக்கிறது: சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுப்பது. மிசோரம் பிரஸ்பிட்டீரியன் பெண்கள் நூறாண்டுக்கு மேலாக இதை விடவில்லை. நம் பக்கத்தில் பல இடங்களில் அரிசிக்குப் பதில் காசாகிவிட்டது, அது ஒரு நஷ்டம்தான். உலை வைக்கும்போது இன்னொரு வீட்டை நினைப்பது காசில் வராது. ஒரு கைப்பிடி ஏறத்தாழ 40 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் 1.2 கிலோ, 30 குடும்பத்தில் 36 கிலோ. தனியாக இருக்கும் முதியவர் நான்கைந்து பேருக்கு மாதச் சோறு. மாதக் கடைசிவரை சேர்த்தால் வண்டு விழும், வாரா வாரம் வாங்கிவிடுங்கள். பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் தனித்தனி டின் வையுங்கள். கலந்துவிட்டால் ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் நிற்கும். அப்படிப்பட்ட அரிசியைக் கொடுத்தால் வாங்குகிறவர் மனதில் நன்றி வராது.

வேலைக்காகச் சென்னை வந்து ஆறு மாதம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். ஒருவரும் பெயர் கேட்கவில்லை.
*வாசகர், தாம்பரம்*

தவறு அவர்கள் பக்கம்தான் தம்பி. ஆனால் காத்திருந்தால் இன்னும் ஆறு மாதம் போகும். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வண்டி எடுக்கும் அவசரத்தில் இருப்பார்கள். 15 நிமிடம் முன்னதாகப் போனால் பாடகர் குழுவும் கோயில் பணியாளரும் இருப்பார்கள், பேச்சு எடுக்கலாம். பாய், நாற்காலி எடுத்துப் போடும் வேலையில் கை கொடுங்கள். ஊர்ச் சபையிலிருந்து அங்கத்தினர் மாற்றுக் கடிதம் வாங்கி ஆயரிடம் நேரில் கொடுங்கள், உங்கள் பகுதியின் வீட்டுக் கூட்டம் எது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பெரிய சபையில் நட்பு பிடிப்பது அங்கேதான்.

சபைக் கமிட்டியார் யாராவது இதை வாசித்தால்: வாசலில் இரண்டு பேர், ஒரு நோட்டு, புதியவரின் பெயரும் எண்ணும், செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு போன். மூன்றாவது ஞாயிறு ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அந்த ஞாயிற்றுச் சோறு எவ்வளவு பெரிது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர் அசனத்தில் சேகரக் கமிட்டியாருக்கும் பிரமுகர்களுக்கும் தனிப் பந்தி. கடைசிப் பந்திக்குக் கறி இல்லை. இதுவும் ஐக்கியமா?
*வாசகர், திருநெல்வேலி மாவட்டம்*

இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதே குற்றச்சாட்டுதான்: ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.’ தீர்வும் அங்கேயே இருக்கிறது: போஜனம்பண்ணக் கூடிவரும்போது ‘ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.’

தனிப் பந்திக்குப் பின்னால் சாதி நிற்கிறதா என்பதையும் நேராகப் பார்க்க வேண்டும். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். திருவிருந்தில்கூடத் தனித்தனியே நின்ற காலம் அது. தஞ்சாவூரில் அதற்காகச் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. இருநூறு வருஷம் ஆகப்போகிறது. இலையில் இன்னும் கோடு இருந்தால் அதற்குச் சமையல்காரர் பொறுப்பல்ல.

செய்யக்கூடியது இது. வந்த வரிசையில் உட்கார வையுங்கள், இடம் பிடித்துவைப்பது கூடாது. கமிட்டியார் பரிமாறட்டும், கடைசிப் பந்தியில் சாப்பிடட்டும். இந்த ஒன்றைச் செய்தாலே கடைசிப் பந்திக்குக் கறி மிஞ்சுவதைப் பார்ப்பீர்கள். 100 பேருக்கு 13, 14 கிலோ அரிசி பிடிக்கும். கறி பற்றாமல் போவது வாங்கினது குறைவு என்பதால் மட்டும் அல்ல. முதல் பந்தியில் தெரிந்த முகத்துக்கு இரண்டு கரண்டி விழுகிறது. கறி வாளியை ஒரே ஆளிடம் கொடுங்கள், எல்லாருக்கும் ஒரே கரண்டி. மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கை வேறு பாத்திரத்தில் மூடி, கடைசிப் பந்திக்கென்று தொடக்கத்திலேயே எடுத்துவைத்துவிடுங்கள். வர முடியாத நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் தூக்குவாளியில் அனுப்புவது முதல் பந்திக்கு முன்னால் நடக்கட்டும், மிச்சத்தில் அல்ல.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி பல வாரமாகத் தூங்குவதில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்கிறான். உபவாச ஜெபம் வைத்தோம். டாக்டரிடம் போனால் அவிசுவாசம் என்கிறார்கள் சிலர்.
*வாசகி, கோயம்புத்தூர்*

இன்றே 14416க்கு அடியுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். அவனைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் ஒரு பெரியவருக்கு உடனே தெரிவியுங்கள், பூச்சிமருந்தும் மாத்திரைகளும் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். இதை இரகசியமாக வைப்பதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தால் அந்த வாக்கை மீறுங்கள்.

பிறகு மனநல மருத்துவர். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சுகர் மாத்திரை சாப்பிடுகிற மூப்பரை யாரும் அவிசுவாசி என்பதில்லை, இதுவும் அதுபோல்தான். உபவாசத்தை நீங்கள் இருங்கள், அவனை இருக்கச் சொல்லாதீர்கள். தூக்கமில்லாத உடம்புக்குச் சாப்பாடும் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகும்.

மனச்சோர்வு மாத்திரை பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்தே வேலை செய்யத் தொடங்கும். அதற்கு முன்னாலேயே வாய் வறட்சி, குமட்டல் என்று தொல்லைகள் வரலாம். “ஒண்ணும் பிரயோஜனமில்லை” என்று பலர் மாத்திரையை நிறுத்துவது அந்த இடைவெளியில்தான். உங்கள் வாலிபர் கூட்டத்துக்கு வேலை இருப்பதும் அங்கேதான். நாளுக்கு ஒருவர் என்று முறை போட்டு, மாலையில் அவனோடு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். அடுத்த செக்கப்புக்கு ஒருவர் கூடப் போய் டோக்கன் வாங்கி உட்காருங்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் தனியாகப் போகும்போது அதிகம்.